சுவரில் ஏறிய தனசேகர் சார்

ஒரு வெள்ளிக்கிழமை காலை. காபி டம்ளரை இன்னும் கீழே வைக்கவில்லை. போன் அடித்தது. தனசேகர் சார்.

"சார், பூ வெச்சுட்டாங்க சார்."

"யாருக்கு சார்?"

"எனக்கு சார். எனக்கேதான். சந்தனம், குங்குமம், மல்லிப்பூ... ஊதுபத்திகூட ஏத்தியாச்சு. நீங்க கொஞ்சம் வாங்களேன்."

குரலில் கோபமா, அழுகையா, சிரிப்பா — ஒன்றும் பிடிபடவில்லை. சட்டையை மாட்டிக்கொண்டு ஓடினேன். ஓடினேன் என்று சொல்வது கொஞ்சம் ஓவர். அவர் வீடு எங்கள் வீட்டுக்கு அடுத்த தெரு. சிட்லபாக்கத்தில் ஏரியைச் சுற்றி நடக்கிற கோஷ்டியில் நானும் அவரும் நீண்டகாலக் கூட்டாளிகள்.

ஹாலில் தனசேகர் சார் லுங்கி பனியனோடு, முழு உயிரோடு, சோபாவில் உட்கார்ந்திருந்தார். அவர் தலைக்கு நேர் மேலே, சுவரில் இன்னொரு தனசேகர் சார். பென்சிலில் வரைந்தது. கண்ணாடி போட்ட பிரேம். நெற்றி இருக்கும் இடத்தில், கண்ணாடியின் மேல் சந்தனப் பொட்டு, அதன் நடுவில் குங்குமம். பிரேமின் தலையில் ஒரு முழம் மல்லிகை. பக்கத்தில் ஊதுபத்தி நிதானமாகப் புகைந்துகொண்டிருந்தது.

கீழே இருந்தவர் மேலே இருந்தவரைப் பார்த்தார். அப்புறம் என்னைப் பார்த்தார். என்னை அப்படிப் பார்க்க அவருக்கு உரிமை இருக்கிறது. அந்தப் படத்தை வரைந்தவன் நான்தான்.

பத்திரிகையில் நான் எழுதும் இந்தப் பத்தியை விடாமல் வாசிக்கிறவர்களுக்கு என் சரித்திரம் தெரியும். மாடித்தோட்டம் போட்டேன் — அணில்கள் நன்றாகச் சாப்பிட்டன. கீபோர்டு கற்றுக்கொண்டேன் — கீழ் போர்ஷன்காரர் வீட்டைக் காலி செய்துகொண்டு செங்கல்பட்டுக்கே போய்விட்டார். சொந்தக் காரணம் என்றுதான் சொன்னார். நானும் நம்பிக்கொண்டிருக்கிறேன். இப்போது பென்சில்.

போட்டோவைப் பார்த்து ஆளை அச்சு அசலாக வரைவது... கேட்க பயமாக இருக்கும். ஆனால் அதில் ஒரு சுலபமான வழி இருக்கிறது. போட்டோவைப் பெரிதாக பிரின்ட் எடுத்து அதன் மேல் கட்டம் கட்டமாகக் கோடு போட வேண்டும். வரைகிற தாளிலும் அதே மாதிரி லேசாகக் கட்டங்கள். அப்புறம் மூக்கு, கண் என்றெல்லாம் யோசிக்கவே கூடாது. இந்தக் கட்டத்தில் என்ன இருக்கிறது, ஒரு வளைவு, கீழே கொஞ்சம் கறுப்பு — அதை அந்தக் கட்டத்தில் வைத்துவிட்டு அடுத்ததற்குப் போக வேண்டும். கடைசியில் எழுந்து நின்று பார்த்தால் முகம் இருக்கும்.

இருக்க வேண்டும். நான் முதலில் வரைந்தது என் மனைவி சுமதியை. ஆசையாகக் கொண்டுபோய்க் காட்டினேன். ரொம்ப நேரம் பார்த்துவிட்டு, "நல்லா இருக்குங்க. எங்க பெரிய மாமாதானே?" என்றாள்.

இதற்கெல்லாம் அசருகிற ஆளா நான்? மெல்லிய பென்சில், தடித்த பென்சில், சப்பாத்தி மாவு மாதிரி பிசையக்கூடிய ஒரு ரப்பர், நிழலைத் தேய்க்கக் காது குடைகிற பட்ஸ் என்று வீடு முழுக்கப் பரப்பினேன். பிரிட்ஜ் கதவு, சுவிட்ச் போர்டு, வெள்ளை வேட்டி... எங்கு பார்த்தாலும் என் கறுப்பு விரல் ரேகை. போலீஸ் தேடுகிற ஆசாமியாக இருந்தால் ஒரே நாளில் மாட்டியிருப்பேன். ஆனால் போகப்போகக் கை படிந்தது. முகங்கள் முகங்கள் போலவே வர ஆரம்பித்தன. ஏரிக்கரையில் நடக்கும்போது செல்போனில் இருந்த படங்களைத் தனசேகர் சாரிடம் பெருமையாகக் காட்டினேன்.

அவர் படங்களை ஒவ்வொன்றாகத் தள்ளிப் பார்த்தார். பிறகு கூச்சத்தோடு கேட்டார்.

"என்னை ஒண்ணு வரைவீங்களா சார்?"

"தாராளமா! நல்ல போட்டோவா ஒண்ணு அனுப்புங்க."

"அதுதான் சார் பிரச்சினையே. என் போட்டோ இல்லை."

எனக்குப் புரியவில்லை. அவர் வீட்டு ஹாலுக்குப் போயிருக்கிறவர்களுக்குத் தெரியும் — ஒரு சுவர் முழுக்க போட்டோதான். குன்றத்தூர் முருகன். அவருடைய அப்பா, அம்மா. மகள் பவித்ரா தொட்டிலில், பவித்ரா யூனிபாரத்தில், பவித்ரா பட்டம் வாங்கிய கறுப்பு அங்கியில். மனைவி மல்லிகா கோவளம் கடற்கரையில், கூலிங் கிளாஸ் போட்டுக்கொண்டு. ஒரு காலத்தில் வளர்த்த பொமரேனியன்கூட இருக்கிறது.

"எல்லாம் நான் எடுத்தது சார்" என்றார். "கேமரா என் கையில. அப்புறம் நான் எப்படி போட்டோல வர முடியும்?"

செல்போனை எடுத்து கோவளம் படத்தைக் காட்டினார். இரண்டு விரல்களால் பெரிசாக்கினார். மல்லிகாவின் முகம் பெரிதாகி, கூலிங் கிளாஸ் மட்டும் திரை முழுக்க வந்தது. அந்தக் கறுப்புக் கண்ணாடிக்குள், கடுகு சைஸுக்கு, பேன்ட்டை மடித்துவிட்டுக்கொண்டு கேமராவோடு ஓர் ஆள் நின்றுகொண்டிருந்தார்.

"இதோ இருக்கேன் பாருங்க" என்று சிரித்தார். எனக்கு என்னவோ சிரிக்க முடியவில்லை.

யோசித்துப் பாருங்கள். நம் வீட்டுச் சுவரில் ஏறுவதற்கு ஒரு தகுதி வேண்டும். சாமியாக இருக்கலாம். குழந்தையாக இருக்கலாம். பட்டம் வாங்கியிருக்கலாம், அல்லது மாலையும் கழுத்துமாகக் கல்யாணக் கோலத்தில் நிற்கலாம். இது எதுவும் இல்லாவிட்டால் போய்ச் சேர்ந்திருக்க வேண்டும். ரிட்டயர் ஆகி, உயிரோடு, சும்மா சோபாவில் உட்கார்ந்திருக்கிற அப்பாவுக்குச் சுவரில் கோட்டாவே கிடையாது! (தனசேகர் சார் கல்யாண ஆல்பம் ஒரு மழை வெள்ளத்தில் ஊறிப்போனது. அதுவும் போச்சு.)

"செத்தப்புறம் எப்படியும் மாட்டுவாங்க சார். அதை நான் பார்க்கவா போறேன்? இருக்கும்போதே அந்தச் சுவர்ல என்னை ஒரு தடவை பார்க்கணும். அவ்ளோதான்."

அவ்வளவுதான் ஆசை. இதை நிறைவேற்றாவிட்டால் நானெல்லாம் என்ன ஆர்ட்டிஸ்ட்?

வீடு முழுக்கத் தேடியதில் ஒரே ஒரு பாஸ்போர்ட் சைஸ் போட்டோ கிடைத்தது. பென்ஷன் பேப்பரோடு, 'உயிரோடுதான் இருக்கிறேன்' என்று காட்டுவதற்காக ஸ்டூடியோவில் எடுத்தது. தாடையைக் கீழே இறக்குங்க, தோளை நேராக்குங்க, சிரிக்காதீங்க என்று ஸ்டூடியோக்காரர் சொன்னதை எல்லாம் மனிதர் ஒன்றுவிடாமல் கேட்டிருந்தார். ஒருவர் உயிரோடு இருப்பதற்கான அத்தாட்சி இவ்வளவு சோகமாக இருக்க முடியுமா? இப்போதே புதிதாக ஒன்று எடுக்கிறேன் என்று செல்போனை நீட்டினேன். அதைப் பார்த்ததும் அவர் இன்னும் விறைப்பானார். சரி, பழைய சோகமே தேவலை என்று விட்டுவிட்டேன்.

வரைய ஆரம்பித்தேன். ஒரு வாரம் அந்த முகத்தோடு குடித்தனம். தினமும் பார்க்கிற ஆள்தான்... ஆனால் கட்டம் கட்டமாகப் பார்க்கும்போது வேறு ஒருவர். வலது புருவத்துக்குள் ஒரு பழைய தழும்பு இருப்பதை அப்போதுதான் பார்த்தேன். கீழ் உதட்டில் ஓர் ஓரம் கொஞ்சம் மேலே ஏறியிருக்கும் — சிரிப்பை அடக்கி அடக்கி அங்கேயே தங்கிவிட்டது போல. ஒருவரை இவ்வளவு நேரம் உற்றுப் பார்க்கிற சந்தர்ப்பம் நமக்கு எங்கே கிடைக்கிறது? சுமதியை நான் அப்படி ஐந்து நிமிடம் பார்த்தால் காய்ச்சலா என்று நெற்றியில் கை வைப்பாள். படம் முடிந்தபோது தனசேகர் சாரை எனக்கு முன்பைவிட அதிகமாகப் பிடித்திருந்தது.

பிரேம் போட குரோம்பேட்டைக்கு எடுத்துப் போனேன். கடைக்காரர் படத்தை வாங்கிப் பார்த்தார். குரலைத் தாழ்த்திக்கொண்டார்.

"பல்பு செட்டும் சந்தன மாலையும் சேர்த்து எடுத்தா கொஞ்சம் கம்மி பண்ணித் தரேன் சார். காரியம் எப்போ?"

"இன்னும் இல்லை" என்றேன். இது என்ன பதில் என்று எனக்கே இன்றுவரை புரியவில்லை. அங்கேயே எனக்கு உறைத்திருக்க வேண்டும். உறைக்கவில்லை.

அடுத்தது மாட்டுகிற பிரச்சினை. புது பெயின்ட் அடித்த சுவர். டிரில்லிங் மெஷின் வைத்தால் தூசி வரும் என்று மல்லிகா தடா போட்டுவிட்டார். காலியாக ஒரே ஓர் ஆணிதான் இருந்தது, காலண்டர் மாட்டியிருந்த ஆணி. அது எங்கே இருந்தது தெரியுமா? தனசேகர் சாரின் அப்பா படத்துக்கும் அம்மா படத்துக்கும் பக்கத்தில். காலண்டரை எடுத்துவிட்டுப் படத்தை மாட்டினோம். அப்பா, அம்மா, பிள்ளை. மூன்றும் கறுப்பு வெள்ளை. மூன்று பேரும் ஒரே மாதிரி நேராகப் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

தனசேகர் சார் எட்டி நின்று பார்த்தார். கிட்டே போய்ப் பார்த்தார். மூக்குக் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டு மறுபடி பார்த்தார். "வந்துட்டேன் சார்" என்றார். அன்று அவர் முகத்தைப் பார்த்த எனக்கு, ஏதோ விருது வாங்கியது மாதிரி இருந்தது.

அப்புறம்தான் அந்த வெள்ளிக்கிழமை.

அவர்கள் வீட்டில் வேலை செய்கிற ராணி, கையில் மிச்சப் பூவோடு இடுப்பில் கை வைத்து நின்றுகொண்டிருந்தார். அவர் பக்கத்து நியாயத்தையும் கேட்க வேண்டாமா?

"இன்னாம்மா நீ! வெள்ளிக்கெயமைன்னா பெரியவங்க படத்துக்கெல்லாம் பொட்டு வெச்சு பூ போடுன்னு நீதானே சொன்ன? வரிசையா மூணு படம் கீது. மூணுக்கும் வெச்சேன்."

"அது சார்டி! தினமும் பாக்குற, உனக்குத் தெரியல?" என்றார் மல்லிகா.

"சாரோட பெரியண்ணன்னு நெனச்சிக்கினேன். அதே ஜாடை. இவுரு கொஞ்சம் சாந்தமா கீறாரு." சொல்லிவிட்டு தனசேகர் சாரையும் படத்தையும் மாறி மாறிப் பார்த்தார். "உசுரோட கீறவரு இன்னாத்துக்கு சார் அங்க போய் மாட்டிக்கினீங்கோ?"

நியாயமான கேள்வி. நான் மட்டும் விஷயத்தை டெக்னிக்கலாக அணுகினேன். கண்ணில் வெளிச்சம் பட்டு ஒரு சின்ன வெள்ளைப் புள்ளி மின்னுமே, அந்தப் பாஸ்போர்ட் போட்டோவில் அது இல்லை. அதனால் படத்திலும் இல்லை. புள்ளி இல்லாத கண்ணில் உயிர் தெரியாது. "அஞ்சு நிமிஷ வேலை சார்" என்று பிரேமைப் பிரித்து, இரண்டு கண்ணிலும் ரப்பர் முனையால் ஒற்றி ஒரு புள்ளி எடுத்தேன். போகிற போக்கில் உதட்டு ஓரத்தை ஒரு நூல் மேலே ஏற்றிவிட்டேன். இப்போது பார்த்தால் கண்கள் பளிச்சென்று மின்னின. ஆள் உயிரோடு இருந்தார்.

ராணி திரும்ப வந்து பார்த்தார். "த்சொ... த்சொ... சிரிச்ச மூஞ்சி" என்றார், துக்கம் விசாரிக்கிற குரலில்.

மல்லிகாவுக்கு அன்றே மனசு சரியில்லை. "இந்த ஞாயித்துக்கிழமை பவித்ராவைப் பொண்ணு பார்க்க வர்றாங்க. அதுவரைக்குமாவது இதைக் கழட்டி வைங்களேன்" என்றார். தனசேகர் சார் அசையவில்லை. "என் பொண்ணைப் பார்க்க வர்றவங்க என்னையும் பார்க்கட்டுமே" என்றார்.

பார்த்தார்கள்.

ஞாயிற்றுக்கிழமை ராகு காலம் வருவதற்குள் பேசி முடித்துவிட வேண்டும் என்று மாப்பிள்ளை வீட்டார் சேலையூரிலிருந்து, சொன்ன நேரத்துக்கு முன்பாகவே வந்து இறங்கிவிட்டார்கள். அப்பா, அம்மா, பையன். ஸ்வீட் வாங்கத் தாம்பரம் போன தனசேகர் சார் ஜி.எஸ்.டி. ரோட்டில் டிராபிக்கில் மாட்டிக்கொண்டார். துணைக்கு ஆள் வேண்டுமே என்று நானும் சுமதியும் போயிருந்தோம். பவித்ரா உள்ளே தயாராகிக்கொண்டிருந்தாள்.

மாப்பிள்ளையின் அம்மா உட்கார்ந்தார். சுவரைப் பார்த்தார். அவர் முகம் மாறியது. எழுந்து வந்து மல்லிகாவின் கையைப் பிடித்துக்கொண்டார்.

"நீங்க பூ வெச்சு, பொட்டு வெச்சு, பளிச்சுனு நிக்கறீங்க பாருங்க... எனக்கு ரொம்பப் பிடிச்சிருக்குங்க. இப்படித்தான் இருக்கணும். அந்தக் காலம் மாதிரியா?"

மல்லிகா புடவையைச் சொல்கிறார் என்று நினைத்துவிட்டார். "ஆடித் தள்ளுபடியில எடுத்ததுங்க" என்றார் வெட்கத்தோடு.

மாப்பிள்ளையின் அப்பா தொண்டையைச் செருமினார். "ப்ரொஃபைல்ல ஃபாதர் ரிட்டயர்டுன்னு போட்டிருந்துச்சு. அதனால எங்களுக்கு விஷயமே..."

"ஆமாங்க. போன வருஷம்தான்" என்றார் மல்லிகா. "ஆரம்பத்துல எங்களுக்கெல்லாம் ரொம்பக் கஷ்டமா இருந்துச்சு. இப்பப் பழகிடுச்சு."

சுமதி என் தொடையில் கிள்ளினாள். எனக்கும் அப்போதுதான் விஷயம் புரிந்தது. ஏதாவது சொல்லியாக வேண்டும்... என்ன சொல்வது? 'அவர் இன்னும் சாகலைங்க' என்று ஆரம்பிக்க முடியுமா? வாயைத் திறந்தேன். அதற்குள் மாப்பிள்ளையின் அப்பா முந்திக்கொண்டார்.

"தப்பா நினைக்காதீங்கம்மா. முன்னாடியே பேசிக்கறது நல்லது. கல்யாணத்துல பொண்ணைத் தாரை வார்த்துக் குடுக்க... சித்தப்பா, பெரியப்பா யாராவது இருக்காங்களா?"

வாசலில் செருப்பு கழற்றும் சத்தம்.

"நான் இருக்கேனே!" என்றார் தனசேகர் சார்.

ஒரு கையில் ஸ்வீட் பாக்ஸ், இன்னொரு கையில் வாழைப்பழம். ஜி.எஸ்.டி. ரோட்டின் தூசி தலை, முகம், மீசை எல்லாம் படிந்து, மனிதர் அப்படியே என் பென்சில் படம் போலச் சாம்பல் நிறத்தில் நின்றார். மாப்பிள்ளையின் அம்மா சோபாவில் ஏறியே நின்றுவிட்டார் என்று சொன்னால் நம்புவீர்களா? பையன்தான் பாவம், எழுந்து கும்பிட்டான். எதற்காகக் கும்பிட்டான் என்று கேட்கும் நிலையில் யாரும் இல்லை.

அப்புறம் எல்லாம் விளக்கிச் சொன்னோம். படம் வரைந்த குற்றவாளி என்று நான் என்னையே அறிமுகப்படுத்திக்கொண்டேன். எல்லோரும் சிரித்தார்கள். ஆனால் அந்தச் சிரிப்பு பஜ்ஜி ஆறுகிற மாதிரி சீக்கிரமே ஆறிப்போனது. கிளம்பும்போது, "வீட்டுக்குப் போய்ப் போன் பண்றோம்" என்றார்கள். பெண்ணைப் பெற்றவர்களுக்கு இந்த வார்த்தை என்ன செய்யும் என்று நான் சொல்ல வேண்டியதில்லை.

கார் தெருமுனை திரும்பவில்லை. மல்லிகா வெடித்தார். "நல்ல காரியம் பேச வந்த இடத்துல காரியம் பேச வெச்சுட்டீங்களே! உசுரோட இருக்கிற மனுஷனை யாராவது படமா மாட்டுவாங்களா? பொண்ணு வாழ்க்கை முக்கியமா, உங்க மூஞ்சி முக்கியமா?"

தனசேகர் சார் எழுந்தார். ஸ்டூலைப் போட்டு ஏறினார். தன் படத்தைத் தானே கழற்றினார். கண்ணாடியில் ஓரமாக ஒட்டியிருந்த குங்குமத்தைத் துண்டால் துடைத்தார். பரணில், சுவர்ப் பக்கம் முகத்தைத் திருப்பி வைத்தார். ஆணியில் மறுபடி காலண்டரை மாட்டினார். நான் பார்த்துக்கொண்டே நின்றேன். வரைந்தது வீணாகிவிட்டதே என்று எனக்கு வருத்தமில்லை. அவர் அந்தக் காலண்டரை நேராக இருக்கிறதா என்று சரிபார்த்துவிட்டு இறங்கினாரே, அதுதான் தாங்கவில்லை.

மறுநாள் அவர் வாக்கிங் வரவில்லை. அதற்கு மறுநாளும் இல்லை. நான் ஏரியைத் தனியாகச் சுற்றி வந்தேன். என்னை நானே திட்டிக்கொண்டேன். ஒழுங்காக அணிலுக்குத் தக்காளி வளர்த்துக்கொண்டிருந்திருக்கலாம்.

நடுவாரத்தில் மாப்பிள்ளை வீட்டிலிருந்து போன் வந்தது. மல்லிகாவுக்கு அல்ல, நேராகத் தனசேகர் சாருக்கே. அவர் ஸ்பீக்கரில் போட்டிருக்கிறார். சம்மதம் என்று சொல்லிவிட்டு, மாப்பிள்ளையின் அப்பா கொஞ்சம் தயங்கினாராம்.

"அன்னிக்கு வீட்டுக்குப் போய் எங்க ஹால் சுவரைப் பார்த்தேங்க. எல்லாரும் இருக்காங்க. நான் இல்லை. உங்க ஃப்ரெண்டு எனக்கும் ஒண்ணு வரைஞ்சு தருவாரா? ஆனா ஒரே ஒரு கண்டிஷன்... கலர்ல."

சம்பந்தம் முடிந்தது. சந்தோஷம்தான். ஆனால் படம் பரணிலேயே இருந்தது. இனிமேல் ரிஸ்க் எடுக்க முடியாது என்று மல்லிகா சொல்லிவிட்டார். தனசேகர் சார் திரும்ப வாக்கிங் வர ஆரம்பித்தார். அந்தப் படத்தைப் பற்றி மட்டும் ஒரு வார்த்தை பேசவில்லை. நானும் கேட்கவில்லை.

ஒரு நாள் மாலை மல்லிகா எங்கள் வீட்டு வாசலில் வந்து நின்றார். கையில், சுவரிலிருந்து கழற்றிய அந்த கோவளம் போட்டோ. கண் கலங்கியிருந்தது.

நிச்சயதார்த்தத்துக்கு ஒரு வீடியோ செய்வதற்காகப் பவித்ரா வீட்டிலிருந்த அத்தனை போட்டோவையும் புரட்டியிருக்கிறாள். எதிலும் அப்பா இல்லை. மூலையில் மங்கலாக ஒரு விரல், மணலில் ஒரு நிழல்... அவ்வளவுதான். "அப்பா எங்கம்மா?" என்று கேட்டிருக்கிறாள். தனசேகர் சார் பேப்பரிலிருந்து தலையைத் தூக்காமல், "அம்மாவோட கூலிங் கிளாஸ்ல பாரு, இருப்பேன்" என்றாராம்.

"இத்தனை வருஷமா இந்த போட்டோவைப் பார்த்துக்கிட்டிருக்கேண்ணா" என்றார் மல்லிகா. "புடவை நல்லா இருக்கா, முடி பறக்குதா... என்னை மட்டும்தான் பார்த்திருக்கேன். அவர் நின்னுக்கிட்டு இருக்கறதை ஒரு நாளும் பார்க்கலை."

சுமதி தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தாள். மல்லிகா குடித்துவிட்டுக் கண்ணைத் துடைத்துக்கொண்டு நிமிர்ந்தார்.

"அவரை மறுபடி வரைங்கண்ணா. ஆனா தனியா வேணாம். பக்கத்துல என்னையும் வரைங்க."

"கலர்லயா?"

"எதுக்கு? முதல்ல எப்படி வரைஞ்சீங்களோ அப்படியே."

பவித்ரா இருவரையும் குன்றத்தூர் மலைக்கு அழைத்துப் போய் ஒரு போட்டோ எடுத்து அனுப்பினாள். மலை ஏறிய களைப்பில் இருவருக்கும் மூச்சு வாங்குகிறது, நெற்றியில் விபூதி வேர்வையில் கரைந்திருக்கிறது. வழக்கம்போலத் தனசேகர் சார் விறைப்பாக நிற்கப் பார்க்கிறார். மல்லிகா அவர் இடுப்பில் ஏதோ செய்திருக்க வேண்டும். மனிதர் வாய்விட்டுச் சிரித்துவிட்டார். அந்தக் கீழ் உதட்டின் ஓரம், கடைசியில் அது போக நினைத்த இடத்துக்குப் போய்ச் சேர்ந்திருந்தது. அதை வரையும்போது என் கை ஒரு கட்டத்தில்கூடத் தடுமாறவில்லை. மல்லிகாவும் மல்லிகா போலவே இருந்தார், பெரிய மாமா போல இல்லை.

இந்தத் தடவை டிரில்லிங் மெஷின் வந்தது. தூசியைப் பற்றி மல்லிகா மூச்சு விடவில்லை. அப்பா அம்மா படத்துக்கு எதிர்ச் சுவரில், ஹாலுக்குள் நுழைகிறவர்கள் முதலில் பார்க்கிற இடத்தில், புது ஆணி. தனசேகர் சார் பார்த்தார். போய் மல்லிகாவின் பக்கத்தில் நின்றுகொண்டார்.

போன வாரம் நான் அங்கே உட்கார்ந்திருந்தேன். நிச்சயதார்த்தத்துக்கு ஆட்கள் வருவார்கள் என்று ஏ.சி. சர்வீஸுக்குச் சொல்லியிருந்தார்கள். தனசேகர் சார் உள்ளே ஏதோ எடுக்கப் போயிருந்தார். கதவைத் திறந்துவிட்டது நான். ஏ.சி.காரர் ஏணியைச் சாய்த்து வைத்துவிட்டு நிமிர்ந்தார். எதிரே படம். தலையில் இருந்த தொப்பியைக் கழற்றிவிட்டார்.

"அட கடவுளே! ரெண்டு பேருமா சார்? ஒரே நேரத்துல... இன்னா சார், ஆக்சிடென்ட்டா?"

நான் பதில் சொல்வதற்குள் சமையலறையிலிருந்து மல்லிகாவே காபியோடு வந்தார்.

"அதெல்லாம் இல்லப்பா. அவர் ஒருத்தரை மட்டும் தனியா அங்க விட மனசு வரலை. நானும் கூடவே போயிட்டேன். காபிக்குச் சர்க்கரை போடலாமா?"

ஏ.சி.காரர் மல்லிகாவைப் பார்த்தார். படத்தைப் பார்த்தார். அந்த நேரம் பார்த்துத் தனசேகர் சார் உள்ளேயிருந்து சிரித்துக்கொண்டே வந்தார்.

அந்தக் காபியை ஏ.சி.காரர் கடைசி வரை தொடவில்லை. தனசேகர் சார்தான் எடுத்துக் குடித்தார், இன்னும் ஒரு ஸ்பூன் சர்க்கரை கேட்டு வாங்கி.